தரங்கம்பாடி: கோட்டை கடற்கரையில், கடைத்தெரு பொறையாரில்

தரங்கம்பாடிக்கு வருகிற சுற்றுலா வண்டிகளில் பெரும்பாலானவை திருக்கடையூரில் சாமி கும்பிட்டுவிட்டு வேளாங்கண்ணிக்குப் போகிற வழியில் ஒரு மணி நேரம் நிற்பவை. இறங்குவார்கள், கோட்டை முன் படம் எடுப்பார்கள், ஆளுக்கொரு இளநீர் குடிப்பார்கள், ஏறிவிடுவார்கள். அந்த ஒரு மணி நேரமும் பெரும்பாலும் நடுப்பகலாகவே அமைந்துவிடும். நிழல் இல்லாத மணல்வெளியில் வியர்த்துக்கொண்டு நின்றவர்கள், "ஒன்றுமில்லாத ஊர்" என்று திரும்பிப் போய்ச் சொல்வதில் வியப்பில்லை. இந்த ஊரைப் பார்க்க வேண்டிய நேரம் விடியற்காலையும் சாயங்காலமும். கோட்டையோ காலை பத்து மணிக்குத்தான் திறக்கும். ஆகவே ஓர் இரவு தங்குவதாக வைத்துத் திட்டமிடுங்கள். இந்த அத்தியாயம் அப்படி வருகிறவர்களுக்காக எழுதப்பட்டது.

ஊரின் கிடப்பு

காவிரிப் படுகை கடலில் முடிகிற இடத்தில், காரைக்காலுக்குச் சற்று வடக்கே இருக்கிறது தரங்கம்பாடி. 2020 முதல் மயிலாடுதுறை மாவட்டம். அதற்கு முன் நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்தது. இருபதாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் பேரூராட்சி. நிலம் முழுக்கத் தட்டை. மேடு என்று சொல்ல வேண்டுமானால் மணல்மேடுதான். மேற்கே வயல், கிழக்கே கடல், தெற்கே உப்பனாற்றின் கழிமுகம். இயற்கைத் துறைமுகம் எதுவும் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, சரக்கைப் படகில் ஏற்றி அலை தாண்டிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

துறைமுகமே இல்லாத இந்த இடத்தை டென்மார்க்காரர்கள் ஏன் பிடித்தார்கள் என்று கேட்கலாம். அவர்கள் முதலில் குறிவைத்தது இலங்கையை. போர்த்துகீசியருக்கு எதிராக உதவி கேட்ட கண்டி அரசர், டேனியக் கப்பல்கள் வந்து சேர்வதற்குள் போர்த்துகீசியரோடு சமாதானம் செய்துகொண்டார். இதற்கிடையில் முன்னே வந்த ரோலண்ட் கிராப்பே என்பவரின் கப்பலைக் காரைக்கால் அருகே போர்த்துகீசியர் அழித்துவிட, தப்பிப் பிழைத்தவர் தஞ்சை அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தார். நாகப்பட்டினத்தில் போர்த்துகீசியர் மட்டுமே வாங்குபவராக இருப்பதைவிட இன்னொரு வியாபாரியும் இருந்தால் நல்லது என்று தஞ்சை அரசர் ரகுநாத நாயக்கர் கணக்குப் போட்டிருப்பார். 1620 நவம்பரில் உடன்படிக்கை கையெழுத்தானது. ஆண்டு வாடகைக்கு ஊர் கைமாறியது. தளபதி ஓவே கெட்டே கோட்டையை எழுப்பத் தொடங்கினார். நாயக்கர் டென்மார்க் மன்னருக்குத் தங்க ஏட்டில் தமிழில் அனுப்பிய மடல் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது.

ஊரின் இன்றைய அமைப்பைப் புரிந்துகொள்ள அதற்குப் பிந்தைய கதைதான் அதிகம் உதவும். 1845இல் டென்மார்க், தரங்கம்பாடியையும் வங்காளத்தில் உள்ள செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனியிடம் விற்றது. கொஞ்ச காலம் தஞ்சாவூர் ஜில்லா கலெக்டரின் தலைமையிடமாக இந்த ஊர் இருந்தது. பிறகு கலெக்டர் தஞ்சாவூருக்குப் போனார். ரயில் நாகப்பட்டினத்துக்குப் போனது. வியாபாரமும் அதோடு போனது. 1926இல் மாயவரத்திலிருந்து (இன்றைய மயிலாடுதுறை) இங்கு ஒரு மீட்டர்கேஜ் பாதை வந்தது. அதையும் 1986இல் நிறுத்திவிட்டார்கள். மதிலுக்குள் இருந்த பழைய ஊர் இப்படி ஒவ்வொன்றாக இழக்க, மேற்கே இரண்டு கிலோமீட்டர் தள்ளி, பெரிய சாலையில் இருந்த பொறையார் வளர்ந்தது. பேருந்து நிலையம், கடைத்தெரு, கல்லூரி, அரசு மருத்துவமனை எல்லாம் அங்கேதான். பார்க்க வேண்டியவை தரங்கம்பாடியில், வாங்க வேண்டியவை பொறையாரில். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் வீண் அலைச்சல் பாதி குறையும். கடைகள் வெளியே போய்விட்டதால்தான் கோட்டைத் தெருக்கள் இன்றும் அமைதியாக, பழைய அளவிலேயே நிற்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும்.

வந்து சேர

ரயிலில் வருகிறவர்கள் மயிலாடுதுறை சந்திப்பில் இறங்க வேண்டும். அங்கிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகச் சுமார் முப்பது கிலோமீட்டர். பேருந்தில் ஒரு மணி நேரம் பிடிக்கும். சென்னையிலிருந்து சாலை வழியே வந்தால் புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி தாண்டி விழுப்புரம் – நாகப்பட்டினம் நெடுஞ்சாலையிலேயே வந்துவிடலாம். முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சிதம்பரம், காரைக்கால், நாகப்பட்டினம் மூன்றிலிருந்தும் பேருந்து உண்டு. நடத்துநரிடம் "தரங்கம்பாடி" என்று கேட்டு டிக்கெட் வாங்கினாலும், வண்டி ஊருக்குள் போகுமா என்று தனியாகக் கேளுங்கள். போகாது என்றால் பொறையாரில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். சுமை இல்லாதவர்கள் காலை வேளையில் நடந்தேகூட வந்துவிடலாம்.

கூட்ட நாட்களை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. வடக்கிலிருந்து நடந்து வரும் பக்தர்கள் இந்தச் சாலையில்தான் காவி உடுத்தி வரிசையாகப் போவார்கள். இரவில் கார் ஓட்டுகிறவர்கள் அந்த நாட்களில் வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும். திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி என்றாலும் சுற்றுவட்டாரமே நிரம்பும்.

ராஜ வீதியில் ஒரு நடை

பழைய ஊருக்குள் நுழைகிற வெள்ளை வாசல் 1792இல் கட்டப்பட்டது. நெற்றியில் டேனிய அரச முத்திரை இருக்கும். வண்டியை இங்கேயே நிறுத்திவிட்டு நடங்கள். உள்ளே போகும் தெருவுக்குக் கிங் தெரு, ராஜ வீதி என்று இரண்டு பெயர். நேர் கிழக்கே கடலை நோக்கிப் போகும் சின்னத் தெரு. மெதுவாக நடந்தாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் காலை ஆறரைக்கு வெயில் நேர் எதிரே எழும்பி இரு பக்கத் தூண்களிலும் விழுகிற வேளையில் இதை அவசரமாகக் கடக்க யாருக்கும் மனம் வராது.

முதலில் வருவது சீயோன் ஆலயம். 1701இல் டேனியக் குடியிருப்பினருக்காகக் கட்டியது. இன்று தென்னிந்தியத் திருச்சபையின் கையில் இருக்கிறது. அடுத்துப் புதிய எருசலேம் ஆலயம், 1718. முகப்பில் கிரீடத்துடன் நான்காம் பிரெடரிக் மன்னரின் எழுத்துச் சின்னமும் ஆண்டும் பொறித்திருக்கும். இதைக் கட்டிய மிஷனரி சீகன்பால்க், கட்டிய மறு ஆண்டே, 36 வயதில் இறந்து, இதற்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார். தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் ஆயருக்குத் "தரங்கைப் பேராயர்" என்ற பட்டம் இருப்பது இந்த ஆலயத்தை வைத்துத்தான். அலுவலகம் என்னவோ திருச்சியில். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆராதனை நடக்கும். வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் அது முடிந்த பிறகு போவதுதான் மரியாதை.

சீகன்பால்கைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லலாம். 1706 ஜூலை 9 அன்று கரையிறங்கிய இந்த ஜெர்மானியர் மணலில் எழுதிப் பழகும் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் கற்றார். ஐரோப்பாவிலிருந்து அச்சுப்பொறியை வரவழைத்தார். ஜெர்மனியில் உள்ள ஹாலேயில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் மிகப் பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றதால், இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. காகிதத் தட்டுப்பாட்டுக்காகப் பொறையாரில் ஒரு காகிதப் பட்டறையும் போட்டார்கள். அவர் வாழ்ந்த வீட்டில் இப்போது ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அச்சு, பதிப்பு, பத்திரிகை என்று ஏதாவது ஒன்றோடு தொடர்புள்ளவர்கள் கோட்டையைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடக் கூடாது. கடற்கரையில் அவர் இறங்கிய இடத்தில் நினைவுச் சின்னம் ஒன்றும் உண்டு.

வீதியின் கடைசியில் டேனிய ஆளுநரின் பங்களா, ஆங்கிலேயர் காலத்துப் பங்களா, பிறகு திறந்த மைதானம், அதற்கப்பால் கோட்டை. அணிவகுப்பு நடந்த அந்த மைதானம் இப்போது பையன்கள் கிரிக்கெட் ஆடும் இடம். பிரதாப முதலியார் சரித்திரம் எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை இந்த ஊரில் முன்சீபாக இருந்தவர். அந்த நாவலைப் பாடத்தில் படித்தவர்களுக்கு இந்தத் தெருவில் நடக்கும்போது அது நினைவுக்கு வரலாம். ஆனால் அவருக்கென்று தேடிப் பார்க்கிற மாதிரிப் பெயர்ப்பலகை எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

கிங் தெருவோடு நின்றுவிட வேண்டாம். அதற்கு இணையாகவும் குறுக்காகவும் ஓடும் சிறு தெருக்களில் திண்ணையும் மரத்தூணும் ஓட்டுக்கூரையுமாகத் தமிழ் வீடுகள் நிற்கின்றன. தட்டாரத் தெருவில் சிலவற்றைப் பழையபடி செப்பனிட்டிருக்கிறார்கள். பள்ளிவாசல் தெருப் பக்கம் முஸ்லிம் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. இவை காட்சிப்பொருள் அல்ல, ஆட்கள் குடியிருக்கும் வீடுகள். திண்ணையில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளும் முன் வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலும் தண்ணீரும் சேர்ந்தே கிடைக்கும்.

டேன்ஸ்போர்க் கோட்டை

மாநிலத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளது. காலை பத்திலிருந்து மாலை ஐந்து மணிவாக்கு வரை திறந்திருக்கும். வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். நுழைவுக் கட்டணம் உண்டு, பெரிய தொகை இல்லை, சில்லறை வைத்திருங்கள். கீழ்த்தளத்தில் சரக்கறைகளும், மதுக்கிடங்கும், சிறையும் இருந்தன. மேல்தளத்தில் ஆளுநரும் பாதிரியாரும் குடியிருந்த அறைகள் இப்போது அருங்காட்சியகம். நாணயங்கள், பீங்கான், ஆயுதங்கள், பழைய ஆவணங்கள் என்று சேர்ந்திருக்கின்றன. விளக்கக் குறிப்புகள் போதாது என்பது என் அபிப்பிராயம். வரலாறு தெரிந்து வந்தால்தான் அறைகள் பேசும். மேல்தளத்து வளைவுக் கூரைகளையும், கடலைப் பார்த்த மதிலில் நின்றால் வரும் காற்றையும் யாரும் விளக்கத் தேவையில்லை. ஒரு மணி நேரம் போதும். முட்டிவலி உள்ளவர்கள் படிகளில் கவனமாக ஏற வேண்டும்.

கடலும் கோயிலும்

கோட்டைக்கு வடக்கே கரையோடு சிறிது தூரம் நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306ஆம் ஆண்டையொட்டிக் கட்டியது. கல்வெட்டில் ஊருக்குச் சடங்கன்பாடி, குலசேகரன்பட்டினம் என்ற பெயர்கள் இருக்கின்றன. டேனியர் வருவதற்கு மூன்று நூற்றாண்டு முன்பே இங்கு ஒரு வியாபாரப் பட்டினம் இருந்தது என்பதற்கு இது சாட்சி. கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. இப்போது நீங்கள் பார்ப்பதில் பெரும்பகுதி அண்மைக்காலத்தில் புதிதாகக் கட்டியது. கரையை மேலும் அரிக்காமல் பாறைகளைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் பாறைகளில் பாசி பிடித்திருக்கும். செல்ஃபிக்காக ஏறி வழுக்கி விழுவது இங்கு வழக்கமாக நடக்கும் விபத்து.

குளிக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். என் பதில் வேண்டாம் என்பதே. கரை சட்டென்று சரிகிறது, அலை உள்ளே இழுக்கிறது, பாறைகள் இருக்கின்றன. காப்பாற்ற ஆள் இருப்பார் என்று நம்பி இறங்கவும் முடியாது. கால் நனைத்துக்கொள்ளுங்கள், குழந்தைகளின் கையை விடாதீர்கள். குளித்தே தீர வேண்டுமென்றால் உள்ளூர் மீனவர்களைக் கேட்டு, அவர்கள் காட்டும் இடத்தில், அவர்கள் சொல்லும் நேரத்தில் இறங்குங்கள்.

இந்தக் கடற்கரையில் ஓசோன் காற்று வீசுகிறது, நுரையீரலுக்கு நல்லது என்று சிலர் சொல்லக் கேட்பீர்கள். சுற்றுலா விளம்பரங்களிலும் இது வரும். கடற்கரையில் நாம் நுகர்வது கடல் நுண்ணுயிர்களிலிருந்து வருகிற கந்தகச் சேர்மத்தின் மணம். ஓசோன் உண்மையிலேயே அதிகமாக இருந்தால் நுரையீரலுக்குக் கெடுதல்தான் செய்யும். இங்கே காற்று சுத்தமாக இருப்பதற்குக் காரணம் ஆலைகளும் வண்டிகளும் குறைவாக இருப்பது; அதற்காகவே இரண்டு மணி நேரம் உட்காரலாம்.

கரையோரத்து மீனவர் குடியிருப்பு 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடும் அடி வாங்கியது. அதன்பிறகு பல குடும்பங்களுக்குக் கடலிலிருந்து தள்ளி வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். அந்த நாளைப் பற்றி ஊர்க்காரர்களிடம் துருவித் துருவிக் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள்.

தங்க, சாப்பிட, இன்ன பிற

கடலைப் பார்த்த பழைய பங்களா ஒன்று பாரம்பரிய விடுதியாக நடக்கிறது. அறைகள் குறைவு, வாடகை அதிகம், வராந்தா அபாரம். ஒருமுறை செலவழிக்கத் தயார் என்றால் செலவழிக்கலாம். மற்றபடி ஊருக்குள் விரல்விட்டு எண்ணும் விடுதிகள்தான். சிக்கன வழி பொறையாரிலோ திருக்கடையூரிலோ காரைக்காலிலோ தங்கி, விடியும் முன் வண்டி பிடிப்பது. திருக்கடையூரில் அறைகள் ஏராளம். ஆனால் அது அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் நாடெங்குமிருந்து குடும்பம் குடும்பமாக வருகிற ஊர். நல்ல நாளில் அறை கிடைக்காது, கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும். பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள்.

சாப்பாட்டுக்கு இந்த ஊர் பேர்போனதல்ல. சில சிறு உணவகங்களில் மதியம் மீன்குழம்புச் சாப்பாடு கிடைக்கும். பன்னிரண்டரைக்குப் போனால் சூடு, இரண்டரைக்குப் போனால் மிச்சம். இட்லி, பரோட்டா, பிரியாணிக்குப் பொறையார் கடைத்தெரு. சுத்த சைவம் வேண்டுமென்றால் திருக்கடையூர். காலையில் படகு கரை சேரும் இடத்துக்குப் போனால் வஞ்சிரம், சங்கரா, வவ்வால், மத்தி, நண்டு என்று வந்து இறங்குவதையும் ஏலம் போவதையும் பார்க்கலாம். விடுதியில் சமைத்துத் தருவதாக ஒப்புக்கொண்டால் மட்டும் வாங்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம்; அப்போது சிறு பைபர் படகுகள் கொண்டுவருகிற மீன்தான், விலையும் எகிறும்.

பணம், மருந்து, பெட்ரோல் மூன்றையும் பொறையாரில் முடித்துக்கொண்டு வாருங்கள். சிறு உபாதைக்குப் பொறையார் அரசு மருத்துவமனை, பெரிய பிரச்சினை என்றால் காரைக்கால் அரசு பொது மருத்துவமனை. நிலத்தடி நீர் உவர்ப்பு. குடிநீரைக் கையில் வைத்திருங்கள். கழிப்பறை கண்ட இடத்தில் பயன்படுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். வெயிலுக்குக் குடையும் தொப்பியும் கட்டாயம்.

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை வருவது உத்தமம். அக்டோபர் பாதியிலிருந்து வடகிழக்குப் பருவமழை. நவம்பரில் புயல் எச்சரிக்கையைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் கடற்காற்று எழும் பிற்பகல் வரை வெந்துவிடும்.

அக்கம்பக்கம்

அரை நாள் கையில் இருந்தால் அனந்தமங்கலத்துக்கும் தில்லையாடிக்கும் போய்வரலாம்; இரண்டும் ஆட்டோ தூரம். அனந்தமங்கலம் ராஜகோபாலசுவாமி கோயிலில் பத்துக் கை ஆஞ்சநேயரைப் பார்க்கக் கூட்டம் வரும். 1978இல் இங்கிருந்து திருடுபோன ராமர், சீதை, லட்சுமணர் செப்புத் திருமேனிகள் 2020இல் லண்டனில் மீட்கப்பட்டுத் தமிழகம் திரும்பின. தில்லையாடி, தென்னாப்பிரிக்கச் சத்தியாகிரகத்தில் சிறை சென்று 1914இல் பதினாறு வயதில் இறந்த வள்ளியம்மையின் தாய் பிறந்த ஊர். காந்தி 1915இல் இங்கு வந்தார். வள்ளியம்மையின் நினைவாக மண்டபமும் நூலகமும் இருக்கின்றன. பூம்புகார் வடக்கே இருபது கிலோமீட்டருக்குள்தான். ஆனால் அதற்குத் தனியாக ஒரு காலை ஒதுக்குங்கள்.

தெற்கே நண்டலாற்றைத் தாண்டினால் காரைக்கால், அதாவது புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம். பெட்ரோல் பெரும்பாலும் அங்கே மலிவு, மதுவும் மலிவு. பெட்ரோலைத் தாராளமாக நிரப்பிக்கொள்ளலாம். பாட்டில்களோடு திரும்பினால் எல்லைச் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள். வழக்குப் பதிவாகும், வண்டியும் பறிமுதலாகலாம். காரைக்காலில் வாங்கியதைக் காரைக்காலிலேயே முடித்துவிடுங்கள். முடித்தவர் வண்டி ஓட்ட வேண்டாம்.